மச்சான் பாடாத இடங்கள்

ஊரிலேயே இல்லாத ஒரு மனிதன், தேவாலயத்தில் எந்தெந்த இடத்தில் பாடாமல் இருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் எழுதி, இடம் பார்த்து வைத்து, அச்சடித்து, நகலெடுத்து, பாடகர் குழுவான கொயரில் இருந்த எல்லோருக்கும் விநியோகித்தவன் நான். ஒரு முறை செய்திருந்தால் கைத்தவறு என்று தப்பித்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் செய்தேன். அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. கிறுக்குத்தனத்துக்கு வயது ஒரு தடையில்லை என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி உண்டு. அந்தச் சாட்சி எனக்கு மனைவி. ஊரில் இல்லாத அந்த மனிதனுக்கு அக்கா.

மச்சானுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை. எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில், யாரும் எடுத்துக் கலைத்துவிடாதபடி புத்தகங்களைக் காவல் காக்கும் வேலை. இருவருக்கும் வீடு கடலூரில், பக்கத்துப் பக்கத்துத் தெரு. காலையில் ஒரே சிதம்பரம் பஸ். செம்மங்குப்பம் சீக்கிரமே வந்துவிடும், அவன் இறங்கிவிடுவான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் சனிக்கிழமைப் பயிற்சிக்கான பாட்டை இருவரும் ஒரு முறை பாடிப் பார்த்துவிடுவோம்.

எங்கள் சபையின் கொயர் சிறியது. பெண்களில் மேல் குரல், கீழ்க் குரல், ஆண்களிலும் அப்படியே. ஆண்களின் மேல் குரலுக்கு டெனர் என்று பெயர், அது மச்சான். கீழ்க் குரலுக்கு பேஸ் என்று பெயர், அது நான். பேஸ் பாடுவதற்குக் குரல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேலே போக முடியாமல் இருந்தால் போதும். ஆண்கள் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் நிற்பார்கள். அவர்கள் உடை நன்றாக இருக்கும்.

பஸ்ஸில் நாங்கள் பாடுவதை முதலில் ரசித்தவர் அந்தத் தடத்தின் நடத்துநர்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கள் சீட்டுக்கு வந்தவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"சார், ரெண்டு பேரும் பாடுறீங்களா, சண்ட போடுறீங்களா?"

"பாட்டுதாங்க," என்றேன்.

"ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறீங்களே. சண்டன்னா சொல்லுங்க, செம்மங்குப்பத்துல ஒருத்தர எறக்கி விட்டுடறேன்."

"நா அங்கதாங்க எறங்கணும்," என்றான் மச்சான்.

அவனிடம் ஒரு குணம் இருந்தது. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான். தொழிற்சாலையில் எந்த வால்வை எப்போது திறப்பது என்று ஒரு தாள் இருக்குமாம். அதைத் தாண்டி ஒரு திருகு திருகினால் கடலூருக்கே நல்லதில்லை என்பான். அதே கட்டுப்பாட்டைப் பாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். "தாள்ல இல்லாதது வாயில வரக்கூடாது மாமா." பாட்டில் சும்மா இருக்க வேண்டிய நேரத்தைக் குறிப்பதற்கு ரெஸ்ட் என்று ஒரு குறி உண்டு. நான் அதைக் கண்டால் மூச்சு வாங்கிக்கொள்வேன், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். அவன் அந்த நேரத்திலும் வேலையில் இருப்பான். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போகும். எண்ணிக்கை முடிகிற அதே நொடியில் வாய் திறக்கும். அந்தக் குரலை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உரக்கக் கேட்காது. ஆனால் அது பக்கத்தில் இருந்தால், என்னுடைய குரலும் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் படைக்கப்பட்டது என்று தோன்றும். தனியாகப் பாடும்போது அப்படித் தோன்றியதே இல்லை.

2006-இல் அவன் மஸ்கட்டுக்குப் போனான். அங்கேயும் வால்வுதான், சம்பளம்தான் வேறு. "ரெண்டு வருஷம் மாமா. ஒரு டிசம்பர்ல வந்து நின்னுடறேன் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு அந்தப் பஸ்ஸில் நான் பாடவில்லை. ஒற்றை பேஸ் குரல் பஸ்ஸில் கேட்டால் வண்டியில் ஏதோ கோளாறு என்று ஓட்டுநர் நிறுத்திவிடுவார். செம்மங்குப்பம் நெருங்கும்போது தொழிற்பேட்டையின் வாடை காற்றில் வரும். தெரிந்தவர்கள் முன்கூட்டியே கண்ணாடியை இழுத்து மூடுவார்கள், பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன். மற்றவர்களுக்கு மல்லிகை, தாழம்பூ, மழை பெய்த மண் என்று என்னென்னவோ வாசனை ஞாபகங்கள் அமைகின்றன. எனக்கு அமைந்தது அது. "சார், கண்ணாடிய மூடுங்க சார், கொமட்டுது," என்று பின் சீட்டில் இருந்து யாராவது கத்துவார்கள். மூடிவிடுவேன். நடத்துநர் மட்டும் ஒரு நாள் கேட்டார். "எங்க சார், ஒங்க சண்டக்காரரக் காணும்?"

"வெளிநாடு போயிட்டாருங்க."

"அதான் பஸ்ஸு அமைதியா கெடக்கு," என்றார். வருத்தமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கொயரை நடத்தியவர் கீபோர்டு வாசிக்கும் டீச்சர். அவரிடம் இருந்த கிறிஸ்துமஸ் பாட்டுத்தாள் நகலின் நகலின் நகல். யாரோ ஒரு பழைய கொயர் மாஸ்டர் நாலு குரலுக்கு எழுதி வைத்தது. எது சுரம், எது கரப்பான் கடித்தது என்று பிரித்தறிய முடியாத நிலை. "யாராவது நல்லா எழுதிக் குடுத்தா புண்ணியம்," என்றார் டீச்சர். நான் கையைத் தூக்கினேன். எனக்குச் சுரக்குறி படிக்கத் தெரியும், சரியாகப் பாடத்தான் வராது. நூலகத்துக்கு வரும் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒட்டி வந்த சிடியில், பாட்டுத்தாள் எழுதும் இலவச மென்பொருள் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். நான் கையைத் தூக்கியதற்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், மச்சானின் வரியைத் தொட்டுத் தொட்டு எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

திரையில் பாட்டுத்தாளின் ஐந்து கோடு வரும், சுரத்தை மவுஸால் பிடித்து அதில் உட்கார வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். இதில் அப்படி ஒன்றும் கிடையாது. வெறும் எழுத்துதான். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எழுத்து, எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு எண். பக்கம் முழுவதும் இப்படி அடித்துவிட்டு ஏவினால், கொஞ்சம் யோசித்து, அச்சுப் புத்தகத்தில் உள்ளதைப் போல ஒரு தாளைத் தரும். இல்லாவிட்டால் எந்த வரியில் அடைப்புக்குறியை மூட மறந்தேன் என்று திட்டும். பெரும்பாலும் திட்டும். சாப்பாட்டு இடைவேளையில் நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான் வாங்கிய திட்டுகளுக்கு, மனைவி கொடுத்தனுப்பிய தயிர்சாதம் சாட்சியாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆண்களின் இரண்டு குரலுக்கும் ஒரே ஐந்து கோடுதான். மேல் வீடும் கீழ் வீடும் மாதிரி. டெனருக்குச் சுரப்புள்ளியில் முளைக்கும் காம்பு மேல்நோக்கி நிற்கும், பேஸுக்குக் கீழ்நோக்கி. அதை வைத்து எது யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். சத்தம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மௌனத்தில்தான் வழக்கு ஆரம்பிக்கிறது. ரெஸ்டுக்குக் காம்பு கிடையாது. அதை நடுவில் வைத்தால் சும்மா இருக்க வேண்டியவர் மேல் வீட்டுக்காரரா, கீழ் வீட்டுக்காரரா என்று தெரியாது. ஆகவே டெனரின் ரெஸ்டைச் சற்று மேலே தள்ள வேண்டும், பேஸின் ரெஸ்டைக் கீழே. மென்பொருள் இதைத் தானாகவே செய்யும். சில சமயம் ரொம்பவும் செய்யும். என் சுரம் கொஞ்சம் உயரமாகப் போய்விட்டால், மச்சானின் ரெஸ்ட் இடிபட்டுவிடுவோமோ என்று பயந்து ஐந்து கோட்டையும் தாண்டி வெளியே போய் நிற்கும். இருவரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ரெஸ்ட் போடும். ஒரே ஒரு ரெஸ்டை நடுவில் வைத்தால் இருவருக்கும் பொது என்பது அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் மரபு. நல்ல மரபு.

இதற்கெல்லாம் நிவர்த்தி இருந்தது. ரெஸ்டை நமக்கு வேண்டிய இடத்தில் வைக்க, முதலில் ஒரு சுரத்தை எழுத வேண்டும். அதன் முதுகில் ஒரு சாய்கோடு போட்டு ரெஸ்ட் என்று எழுத வேண்டும். உடனே அந்தச் சுரம் வாயை மூடிக்கொள்ளும். அது இருந்திருக்க வேண்டிய உயரத்தில் அதன் ரெஸ்ட் வந்து உட்காரும். இதைப் படித்த அன்று எனக்கு அது வெறும் வசதியாகத்தான் தெரிந்தது.

முதல் கிறிஸ்துமஸுக்கு நாலு குரலையும் எழுதிக் கொடுத்தேன். தாள் பளிச்சென்று இருந்தது. டெனர் வரியைப் பாடத்தான் ஆளில்லை. உடை நன்றாக இருக்கும் மூன்று பேரில் ஒருவர் அதைத் தமது வரி என்று நினைத்துப் பாடிவிட்டார். பயிற்சி முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், டெனர எடுத்துடுங்க. ஆள் இல்லாத பார்ட்டு எதுக்கு? அவரு அதப் பாத்து என்னமோ பாடி, எல்லாரையும் கீழ தள்ளிட்டாரு."

"எடுத்துடறேன் டீச்சர்."

"நடுவுல டெனரு மட்டும் பாடற ரெண்டு பார் வருது பாருங்க, அத நா கீபோர்டுல வாசிச்சிக்கிறேன்." பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று.

எடுப்பது சுலபம். மென்பொருளில் அதற்கு ஒரு எழுத்தே உண்டு. அதைப் போட்டால் நேரம் மட்டும் ஓடும், தாளில் ஒன்றும் விழாது. அந்தக் குரல் அங்கே இருந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த எழுத்தை அடித்தேன். ஏவினேன். வந்த தாளில் என்னுடைய சுரங்கள் மட்டும் தனியாகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. மேலே துடைத்துவிட்டதுபோல வெள்ளை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி வந்து, "சார், இந்த புக்கு இருக்கா?" என்று கேட்டாள். இருந்த புத்தகத்தை இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு அடித்ததை அழித்தேன். மச்சானின் பழைய வரியைத் திரும்ப எடுத்தேன். அதில் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு சுரத்தின் முதுகிலும் அந்தச் சாய்கோட்டைப் போட்டு ரெஸ்ட் என்று எழுதினேன். ஒவ்வொன்றாக வாயைப் பொத்திக்கொண்டே போனேன்.

அச்சில் வந்தது இப்படி: ஒரு சுரம்கூட இல்லை, எல்லாம் ரெஸ்ட். ஆனால் அவை ஒழுங்காக ஒரே உயரத்தில் உட்காரவில்லை. எங்கே அவன் குரல் ஏறுமோ அங்கே ஏறின. எங்கே இறங்குமோ அங்கே இறங்கின. அவன் ஒரு இடத்தில் உயரத்தில் போய் நின்று இழுப்பான். அங்கே ஒரு பெரிய ரெஸ்ட், கோட்டின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. படிக்கத் தெரிந்தவன் பார்த்தால் டெனர் வரி முழுவதையும் ஓசையில்லாமல் படித்துவிடலாம். படிக்கத் தெரிந்தவன் மஸ்கட்டில் இருந்தான்.

டீச்சருக்கும் படிக்கத் தெரியும். ஆனால் ரெஸ்டை ரெஸ்டாகத்தான் படிப்பார்.

"சார், ரெஸ்டு எதுக்கு மாடிப்படி ஏறி எறங்குது?"

"சாஃப்ட்வேர் டீச்சர். அது அப்படித்தான் போடும்."

"வெளிநாட்டு சாஃப்ட்வேரா?"

"ஆமா டீச்சர்."

"அதான்," என்று விட்டுவிட்டார்.

ஒரு மென்பொருளின் மேல் பழி போட்டால் அது மறுத்துப் பேசாது என்பதைக் கடலூர் மாவட்டத்தில் முதலில் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன்.

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் முதலாளி கோயிலைச் சுற்றியே பிறந்து வளர்ந்தவர். நகலெடுக்கும்போது எதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டார். ஜாதகம், விவாகரத்து மனு எல்லாம் அவருக்கு மனப்பாடம். என் தாள் மட்டும் அவரைத் தடுமாற வைத்தது.

"சார், கீழ இருக்கறது பாட்டு. மேல இருக்கறது என்னா?"

"அது பாடக்கூடாதுன்னு அர்த்தம்."

"பாடக்கூடாதுன்னா சும்மா விட்டுடறதுதானே? எதுக்கு மை செலவு?"

"சும்மா விட்டா, அங்க ஆளே இல்லன்னு ஆயிடும். இது, ஆள் இருக்காரு, பாடல, அவ்ளோதான்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்படிச் சொல்லுங்க. கோயிலுக்குள்ள போய்ப் பாருங்க, நாங்களும் ஒண்ணும் இல்லாத எடத்துக்குத்தான் திரை போட்டு, தங்க வில்வமாலை தொங்க விட்டிருக்கோம். மாலை இல்லன்னா வெறும் செவுரும்பான்." பிறகு இயந்திரத்தின் மூடியைச் சாத்தினார். "எத்தன காப்பி?"

வீட்டில் இவ்வளவு தத்துவம் எடுபடவில்லை. மனைவி ஒரு நாள் தாளை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குச் சுரக்குறி தெரியாது. என்னைத் தெரியும்.

"இதுல தம்பியோடது எது?"

"மேல இருக்கற புள்ளி, கோடு, வளைசல் எல்லாம்."

"அவன்தான் இல்லையே."

"அதான் போட்டிருக்கு."

"ஏங்க, ஒரு போனப் போட்டு, டிசம்பருக்கு வாடா மச்சான்னு சொல்றதுக்கு என்னா? அதுக்கு வெக்கம். பொட்டிகிட்ட ஒக்காந்து புள்ளி வெக்க மட்டும் தெரியுது."

போன் வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டுதான் இருந்தது, அவனுக்கு அன்றுதான் விடுமுறை. அந்தக் காலத்து வெளிநாட்டு அழைப்பில் ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழக் கொஞ்சம் தாமதமாகும். இருவரும் சேர்ந்து பேசிவிடுவோம். பிறகு, நீ சொல், நீங்க சொல்லுங்க என்று இருவரும் சேர்ந்து சும்மா இருப்போம். பஸ்ஸில் அத்தனை கச்சிதமாக எண்ணிக்கொண்டு நுழைந்தவர்கள், இதில் ஒரு வாக்கியத்தைக்கூட மோதாமல் முடித்ததில்லை.

"அங்க வெயிலா மச்சான்?"

"ஜாஸ்தி மாமா. அங்க?"

"இங்கயும் ஜாஸ்திதான்."

ஒரே ஒரு முறை துணிந்து சொன்னேன். "கொயர்ல ஒன் பார்ட்ட எடுத்துட்டாங்க மச்சான்."

தாமதம். அது கம்பியின் தாமதமா, அவனுடையதா என்று தெரியவில்லை.

"நல்லதுதான் மாமா. எதுக்குக் காலியா வெச்சிக்கிட்டு," என்றான். "அக்காகிட்ட குடுங்க."

இரண்டு வருஷம் முடிந்து லீவு கிடைத்தது, மே மாதத்தில். மே மாதத்தில் கிறிஸ்துமஸ் வைக்க வேதத்தில் இடமில்லை. குறிஞ்சிப்பாடியில் அவன் மாமனார் வீட்டில் பிள்ளைகளும் உறவினர்களுமாக நிறைந்திருந்த கூடத்தில், ஒரு மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு தலைவலித் தைலமும் ஒரு சென்ட் பாட்டிலும் கொடுத்தான். கொஞ்சம் பருத்திருந்தான். பேச்சு பள்ளிக்கூட அட்மிஷன், மனை விலை என்று போயிற்று. ஒரு சமயம் எல்லோரும் சாப்பிட எழுந்து போய்விட, கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். இப்போது ஆரம்பித்தால் போதும், முதல் வரி என் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் உள்ளே இருந்து, "மாப்ளைங்க ரெண்டு பேரும் வாங்க, எல போட்டாச்சு," என்று குரல் வந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது.

அடுத்த வருஷம், 2009-இல், டிசம்பருக்கே வருகிறேன் என்றான். டிக்கெட் போட்டுவிட்டானாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. நூலகக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய கோப்பைத் திறந்து, ஒவ்வொரு சுரத்தின் முதுகிலிருந்தும் சாய்கோட்டை எடுத்தேன். ஏவினேன். மேல் வரி முழுவதும் காம்புகள் தலை நிமிர்ந்து எழுந்து நின்றன. ஒரே ஒரு தாள் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள், என்னுடைய வழக்கமான தாளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கொயரில் மற்றவர்களிடம் இருந்தது ரெஸ்ட் தாள்தான்.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலையில், இருட்டு பிரியும் முன்பே ஆரம்பித்துவிடும். முந்தின இரவு அவன் சென்னையில் இறங்கியபோது நல்ல மழை. "பஸ் கிடைச்சிடுச்சு மாமா," என்று ஒரு குறுஞ்செய்தி. பிறகு ஒன்றுமில்லை. மணி அடித்தாயிற்று, ஜெபம் ஆயிற்று, வேதபாடம் ஆயிற்று. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷங்களில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது, போகும் என்பது மட்டும் தெரியும். வேதபாடம் முடிந்ததும் போயிற்று. யாரோ ஜெனரேட்டரைக் கவனிக்க ஓடினார். சனங்கள் கையில் வைத்திருந்த மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். டீச்சரின் கீபோர்டு ஊமையாகிவிட்டது. "கீபோர்டு இல்லாமயே பாடிடலாம்," என்று எழுந்து, கையால் தாளம் காட்டத் தயாரானார்.

அப்போது பக்கத்தில் ஈர வாசனை. தோள்பையோடு மச்சான் வந்து என் வலது பக்கம், அவனுடைய பழைய இடத்தில், நின்றான். சட்டை நனைந்திருந்தது. சிரித்தான். எனக்கு உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. எப்படியோ ஒரு தாளை உருவி அவன் கையில் திணித்தேன், இன்னொன்றை நான் வைத்துக்கொண்டேன். டீச்சர் கையை இறக்கினார். பாட்டு ஆரம்பித்தது.

இரண்டாவது பாரில் என் வரியைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினேன். எனக்கு மேலே, காம்பு நிமிர்ந்த சுரங்கள். டெனர் தாள் என்னிடம் இருந்தது. அவன் கையில் நான் கொடுத்தது ரெஸ்ட் தாள்.

பாடுவதை நிறுத்த முடியவில்லை, ஆண்கள் பக்கம் நான் ஒருவன்தான் தாங்கிக்கொண்டிருந்தேன். முழங்கையால் அவனை இடித்தேன். தாளை அவன் பக்கம் சாய்த்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான். கட்டைவிரல் மோதிரவிரலின் கணுவில் இருந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறேன், கலைக்காதீர்கள் என்று அர்த்தம்.

டெனர் மட்டும் பாட வேண்டிய அந்த இரண்டு பார் வந்தது. எல்லோரும் தாளில் உள்ளபடி நிறுத்தினார்கள். கீபோர்டு வாசிக்க வேண்டிய இடம், கீபோர்டுக்கு உயிரில்லை. டீச்சரின் கை காற்றில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு சனம் நிறைந்த தேவாலயத்தில் மெழுகு உருகுவதுகூடக் கேட்கும் போலிருந்தது. வெளியே யாரோ ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். அது பாட ஆரம்பிப்பதுபோல் ஒரு முறை செருமிவிட்டு நின்றுபோயிற்று. அந்தச் சுரங்கள் என் கையில் இருந்தன, நான் பாடியிருக்கலாம். எனக்கு அவ்வளவு உயரம் போகாது. போயிருந்தாலும் பாடியிருக்க மாட்டேன்.

மச்சானைப் பார்த்தேன். கண்கள் தாளில் இருந்தன. உதடு மூடியிருந்தது. தொண்டை மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் குளிரில் எச்சில் விழுங்குகிறான் என்று நினைத்தேன். பிறகு அவனைத் தவிர நாங்கள் எல்லோரும் சேர்ந்து மீதிப் பாட்டைப் பாடி முடித்தோம். அவன் கடைசிக் கணுவரை எண்ணி முடித்துவிட்டுத் தாளை இறக்கினான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது விடிந்திருந்தது. மின்சாரமும் வந்திருந்தது, இனி தேவையில்லை என்று தெரிந்துகொண்டு. போதகர் டீச்சரிடம், "நடுவில் அந்த மௌன ஜெபம் நல்ல யோசனை. வருஷா வருஷம் வையுங்கள்," என்று பாராட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. மனைவி தம்பிக்குக் கேக்கும் டீயும் கொண்டுவந்தாள்.

"என்னா மச்சான், வாயே தொறக்கல?"

"தாள்ல இல்லையே மாமா. நீங்கதான் போன்ல சொன்னீங்களே, எடுத்துட்டாங்கன்னு. இத்தன வருஷம் கழிச்சு வந்து திடீர்னு கத்துனா நல்லாவா இருக்கும்?"

என் கையில் இருந்த தாளை அவனிடம் நீட்டினேன். டீ டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். மேலிருந்து கீழே ஒரு முறை. மறுபடியும் மேலிருந்து. மனைவி கேக் தட்டோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெருவில் போகும் ஒரு சைக்கிளை மிகுந்த அக்கறையோடு கவனித்தேன்.

"ரெஸ்ட் எல்லாத்தையும் என் சுரத்து எடத்துலயே வெச்சிருக்கீங்க," என்றான்.

"ஆமா."

"நா போனதுலேருந்தா?"

"ஆமா மச்சான்."

ரெஸ்ட் தாளை மட்டும் நாலாக மடித்தான். சட்டைப் பைக்குள் வைக்கப்போனவன் மறுபடி பிரித்தான். ஒரு இடத்தை நகத்தால் சுட்டிக் காட்டினான்.

"மூணாவது வரில ஒண்ணு தப்பு மாமா. அங்க நா மேல போவேன். நீங்க கீழ வெச்சிருக்கீங்க."